உளி படாத சிற்பம்: சீனத்து ஜேட் பத்தி ஒரு பேச்சு

எல்லாருக்கும் வணக்கம். மைக் கேக்குதா? பின்னாடி? சரி.

என் கையில இருக்கற இந்த வளையலை முதல்ல காட்டிடறேன், பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியாது, பரவால்ல. ஒரு டூர்ல வாங்கினது. அசல் ஜேட்னு கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையா சொன்னார், நானும் பேரம் பேசி பாதி விலைக்கு அடிச்சுட்டோம்னு பெருமையா வந்துட்டேன், ரெண்டே வருஷத்துல பச்சை வெளுத்து வெங்காயச் சருகு கலர்ல வந்து நிக்குது. சாயம் ஏத்தின கல்லு. வீட்ல இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. ஆனா அந்த ஏமாத்தத்துல ஒரு நல்லது நடந்துச்சு, அப்போ அசல் ஜேட்டுன்னா என்னதான்டா அதுன்னு படிக்க ஆரம்பிச்சவன் இன்னும் நிறுத்தல. இன்னிக்கு பேசப்போறது மிங், சிங் காலம், அதாவது 1368லேர்ந்து 1911 வரைக்கும் சீனாவை ஆண்ட கடைசி ரெண்டு ராஜவம்சம், அவங்க காலத்து ஜேட் வேலை.

ஜேட்னா பச்சைக்கல்னு நாம நினைச்சுக்கறோம். சீனாக்காரங்க ஆயிரக்கணக்கான வருஷமா தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடின ஜேட்டுல உசத்தின்னு பேர் வாங்கினது வெள்ளை. நல்லா உறைஞ்ச ஆட்டுக் கொழுப்பு மாதிரி லேசான பளபளப்போட இருக்கும், பேரே ஆட்டுக்கொழுப்பு ஜேட்டுதான். அது நெஃப்ரைட்ங்கற கல்லு. நாம கடையில பாக்கற அந்தப் பளிச்சுனு பச்சை இருக்கே, அது ஜேடைட், வேற கல்லு, பர்மாவுலேர்ந்து வர்றது, அது சீனாவுக்குள்ள பெருசா வந்ததே 18ஆம் நூற்றாண்டுலதான். மீன்கொத்தி இறகு கலர்ல இருக்குன்னு அதுக்கு மீன்கொத்தி பேரையே வெச்சாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஜேட்டைச் செதுக்க முடியாது. தலைப்புல நானே சிற்பம்னு போட்டுட்டேன், ஆனா அது சிற்ப வேலையே இல்ல. நம்ம ஊர்ல உளியை வெச்சு சுத்தியலால தட்டினா கருங்கல்லு சில்லு சில்லா தெறிக்கும், அப்படித்தான் சிலை வருது. நெஃப்ரைட்டுல அது நடக்காது. உள்ள பாத்தா நார் நாரா, தேங்கா நாரை முறுக்கிக் கயிறு திரிச்ச மாதிரி ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும், அதனால தட்டினா லேசுல உடையாது, அப்படியே உடைஞ்சாலும் நீங்க நினைச்ச இடத்துல உடையாது. கடினம்னு எடுத்துக்கிட்டா, கல்லோட கடினத்தை 1லேர்ந்து 10 வரைக்கும் அளக்கற மோஸ் அளவுல 6லேர்ந்து 6.5, சாதாரண இரும்புக் கத்தி கீறாது. அப்ப என்ன பண்றது?

மணல். அவ்ளோதான் பதில். ஜேட்டை விடக் கடினமான மணலை எடுத்து, தண்ணில குழைச்சு, அதை வெச்சு தேய்ச்சுத் தேய்ச்சு எடுக்கணும். குவார்ட்ஸ் மணல், கார்னெட் கலந்த செம்மணல், குருந்தம் கலந்த கருமணல்னு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொண்ணு. இரும்புச் சக்கரம், கம்பி எல்லாம் மணலைக் கல்லு மேல கொண்டுபோய் அழுத்தற ஆளுங்கதான், வெட்டறது மணல். எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு நாம பேச்சுக்குச் சொல்றதை ஒரு தொழிலாவே பண்ணியிருக்காங்க.

பட்டறை எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க வழி இருக்கு. 1891ல பெய்ஜிங்ல லி செங்யுவான்னு ஒரு ஓவியர் ஜேட் வேலையை ஒவ்வொரு கட்டமா கலர்ல வரைஞ்சு வெச்சுட்டுப் போயிருக்கார், புண்ணியவான். அதுல ஒரு படத்துல ரெண்டு பேர் எதிர் எதிரா நின்னு வில்லு மாதிரி ஒண்ணைப் பிடிச்சு இழுக்கறாங்க, வில்லோட நாண் கம்பி, நடுவுல பெரிய கல்லு, மேல ஒரு பானை தொங்குது, அதுலேர்ந்து சொட்டு சொட்டா தண்ணி கல்லு மேல விழுது. ஒருத்தர் இழுக்க, இன்னொருத்தர் விட, இவர் இழுக்க, அவர் விட. மரம் அறுக்கறாப்பலதான், ஆனா மரம்னா மத்தியானத்துக்குள்ள ரெண்டாயிடும், இது எத்தனை நாளுங்கறது கல்லு சைஸைப் பொறுத்தது.

அறுத்த துண்டு அடுத்து சக்கரத்துக்கு வரும். இது நமக்குச் சுலபமா புரியும், தெருவுல சைக்கிளை ஸ்டாண்டு போட்டுட்டு பெடல் மிதிச்சுக்கிட்டே சாணை பிடிப்பாரே, அதே கதைதான். ஒரு பெஞ்சு, அதுல படுக்கையா ஒரு மர அச்சு, அச்சு நுனில இரும்புத் தட்டு, அச்சைச் சுத்தி கயிறு, கயிறு ரெண்டு முனையும் கீழ ரெண்டு மிதிகட்டையில. வலது கால் மிதிச்சா தட்டு இந்தப் பக்கம் சுத்தும், இடது கால் மிதிச்சா அந்தப் பக்கம். வேலைக்காரர் ஒரு கையில கல்லைப் பிடிச்சு தட்டோட அடிப்பக்கத்துல கொடுப்பார், இன்னொரு கையால ஈர மணலை அள்ளி அள்ளி விடுவார். கவனிங்க, கருவி கல்லைத் தேடி வர்றதில்ல, கல்லுதான் கருவிகிட்ட போகுது. அந்த மணல் சேறு நடுவுல கோடு எங்க இருக்குன்னு கண்ணுக்கு எப்படித் தெரியும்? தெரியாது, பாதி வேலை விரல் நுனில. வளவளப்பு ஏத்தறதுக்கு மரத் தட்டு, அப்புறம் சுரைக்காய் ஓட்டுல பண்ணின தட்டு, கடைசியா தோல். ஒரு சின்னக் கிண்ணத்துக்கே மாசக்கணக்குல ஆகும்னா ஏன்னு இப்பப் புரியும்.

சரி, கல்லு எங்கேர்ந்து வந்துச்சு? கோட்டான். சிரிக்காதீங்க, ஊர் பேரே அதுதான், நம்ம ஆந்தை இல்ல. சீனாவோட மேற்குக் கோடியில, இன்னிக்கு சின்ஜியாங்னு சொல்றாங்களே, அங்க தக்லமக்கான் பாலைவனத்துக்குத் தெற்குல இருக்கற ஊரு. மலையிலேர்ந்து ரெண்டு ஆறு இறங்குது, யுருங்காஷ், கராகாஷ், அதாவது வெள்ளை ஜேட் ஆறு, கருப்பு ஜேட் ஆறு. வெள்ளம் மலையில கல்லைப் பேத்து உருட்டிக் கொண்டாந்து ஆத்துப் படுகையில கூழாங்கல்லா போட்டுடும். 1637ல சோங் யிங்சிங்னு ஒருத்தர் அந்தக் காலத்துத் தொழில் எல்லாத்தையும் பத்தி ஒரு புஸ்தகம் எழுதினார், அதுல, நிலா வெளிச்சத்துல பொண்ணுங்க உடம்புல துணி இல்லாம ஆத்துல இறங்கித்தான் ஜேட் எடுப்பாங்க, பெண்மையோட சக்திக்கு ஜேட் தானா வந்து நிக்கும்னு போட்டிருக்கார். நல்ல மனுஷன், காகிதம், வெடிமருந்து எல்லாம் பத்தி அவ்ளோ சரியா எழுதினவர், இந்த இடத்துல மட்டும் யாரோ சொன்ன கதையை அப்படியே இறக்கிட்டார்.

சிங் காலத்துல கிட்ட இருந்து பாத்தவங்க எழுதினது வேற மாதிரி. கரையில அதிகாரி, சிப்பாய்ங்க. ஆத்துல இருபது முப்பது உள்ளூர் ஆளுங்க தோளோட தோள் ஒட்டி வரிசையா வெறுங்காலோட நடந்து வர்றாங்க. ஜேட்டா வெறும் கல்லான்னு உள்ளங்காலுக்கே தெரியுமாம். தெரிஞ்சதும் ஒருத்தன் குனிவான், எடுப்பான், அவன் குனிஞ்ச உடனே கரையில சிப்பாய் சேகண்டியை ஒரு தட்டு தட்டுவான், அதிகாரி பேப்பர்ல ஒரு சிவப்புப் புள்ளி வெப்பார். கரையேறும்போது எத்தனை புள்ளியோ அத்தனை கல்லு கொடுத்தாகணும். எடுத்ததுல ஒண்ணைக் கூட இடுப்புல சொருகிட்டுப் போக வழியில்ல. எனக்கு என்னமோ இந்த ஒரு காட்சி போதும்னு தோணும், அரண்மனைல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கற எந்த ஜேட்டைப் பாத்தாலும் அந்த டொய்ங்ங்னு ஒரு சத்தம் காதுல கேக்கும்.

மிங் காலத்துல இந்தக் கோட்டான் சீன ராஜா கையில இல்ல, வியாபாரிங்கதான் கப்பம் கொண்டு வர்றோம்னு சொல்லிக்கிட்டு ஒட்டகத்துல ஏத்திட்டு வருவாங்க. வந்த கல்லு பெரிய அதிகாரிங்க இடுப்புப் பட்டைக்குப் போகும், ஒரு பட்டைக்கு 20 ஜேட் வில்லைன்னு ஒரு கணக்கு. இன்னொரு பக்கம் பணக்கார வியாபாரிங்க, படிச்சவங்க மேஜைக்கு, தூரிகை கழுவற கிண்ணம், பேப்பர் வெயிட்டு, மசி குழைக்கத் தண்ணி ஊத்தற சொப்பு இப்படி. நல்ல கல்லெல்லாம் தலைநகரத்துல வந்து குவியுது ஆனா கைத்திறமைன்னா சூச்சோங்கற ஊருதான்னு நான் சொன்ன அந்தப் புஸ்தகக்காரரே எழுதறார். அந்த சூச்சோவுல 16ஆம் நூற்றாண்டுல இருந்தவர் லூ ஸிகாங். கைவினைக்காரன் பேரைக் கேக்க ஆளில்லாத காலத்துல, தான் செஞ்ச ஜேட்டுல தன் பேரைப் பொறிச்ச ஆளு. அவரைப் பத்தி ஒரு கதை உண்டு, ராஜா தனக்குச் செய்யறதுல பேர் போடக்கூடாதுன்னு சொல்லியும் கேக்காம டிராகன் வாய்க்குள்ள ஒளிச்சு பேரை எழுதிட்டார், மாட்டிக்கிட்டு தலை போச்சுன்னு. கதைதான், நம்ப வேண்டாம். ஆனா அவர் பேரு போட்டா விலை ஏறும்னு அடுத்து வந்தவன் எல்லாம் அந்தப் பேரையே பொறிச்சுத் தள்ளிட்டான், இன்னிக்கு அவர் பேர் இருக்கற ஜேட்டுல முக்காவாசி அவர் கை படாதது. என் வளையல் மாதிரி.

இனிமே ஹீரோ என்ட்ரி. சிங் வம்சத்து சியான்லாங் சக்கரவர்த்தி, 1735ல அரியணை ஏறி அறுபது வருஷம் ஆண்டவர். நாப்பதாயிரம் கவிதைக்கு மேல எழுதினதா கணக்கு, அதுல சுமார் 800 ஜேட் பத்தி. எல்லாமே நல்ல கவிதையான்னு என்னைக் கேக்காதீங்க. நாப்பதாயிரம் எழுதினா எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

இவர் எப்பேர்ப்பட்ட ஜேட் பைத்தியம்னா, 1265ல மங்கோலிய ராஜா குப்லாய் கானுக்குப் பண்ணின ஒரு பெரிய ஜேட் தொட்டி, மூணரை டன் வெயிட்டு, சுத்தி அலையும் டிராகனும் மீனுமா இருக்கும், விருந்துல மது ஊத்தி வெக்கறது, அது காலப்போக்குல கைமாறி ஒரு தாவோ கோயிலுக்குப் போயிடுச்சு. அந்தக் கோயில் சாமியாருங்க அதுல காய்கறி ஊறுகா போட்டு வெச்சிருந்தாங்க! சியான்லாங் காதுக்கு விஷயம் போச்சு, 1745ல ஆயிரம் பொன் கொடுத்து வாங்கி, இன்னிக்கும் பெய்ஜிங்ல பெய்ஹாய் பார்க் பக்கத்துல வட்டக் கோட்டைல இருக்கு. எனக்கு சாமியாருங்க மேல தப்பே சொல்லத் தோணல. ஊறுகா கெடாத தொட்டி கிடைச்சா யாருதான் விடுவா.

அடுத்து 1759ல சின்ஜியாங்கையே படையெடுத்துப் பிடிச்சுட்டார். அதுக்கப்புறம் ஜேட் வியாபாரிகிட்ட கேட்டு வாங்கற பொருள் இல்ல, வருஷா வருஷம் சுமார் 4,000 ஜின், நம்ம கணக்குல ரெண்டு டன்னுக்கு மேல, கப்பமா வந்து இறங்கணும். தனியார் ஒரு கல்லு எடுத்தாலும் குத்தம். சேகண்டி சிப்பாய் எல்லாம் இதுக்குத்தான். அப்படியும் திருட்டு நிக்கல, பெரிய இடத்துலயே நடந்துச்சு, சின்ஜியாங்ல யார்க்கந்துங்கற ஊர்ல காவலுக்குப் போட்ட கௌ பூங்கற பெரிய அதிகாரியே, ராஜாவோட ஒரு மனைவிக்கு அண்ணன் தம்பி பையன், மக்களை விட்டுத் தோண்டச் சொல்லி கல்லை சூச்சோவுக்குக் கடத்தி வித்துட்டிருந்தார். 1778ல பிடிபட்டார், தலையை எடுத்துட்டாங்க. அவங்க அப்பாவும் பத்து வருஷம் முந்தி சர்க்கார் உப்பு வியாபாரப் பணத்துல கை வெச்சு இதே மாதிரி போனவர். குடும்பத் தொழில் போல.

கல்லு இப்படி வந்து குவிய ஆரம்பிச்சதும் ராஜாவுக்கு ஆசையும் பெருசாயிடுச்சு. மலையிலேர்ந்து வெட்டினதுல ஒரே கல்லு அஞ்சு டன்னுக்கு மேல. அதை சின்ஜியாங்லேர்ந்து பெய்ஜிங் கொண்டு வர மூணு வருஷம் ஆச்சு, நூறு குதிரைக்கு மேல இழுக்க, ஆயிரம் பேர் பின்னாடி தள்ள, குளிர்காலத்துல ரோட்டுல தண்ணி ஊத்தி ஐஸாக்கி அது மேல சறுக்கிச் சறுக்கி கொண்டாந்தாங்க. வந்த கல்லுல பழைய ஓவியம் ஒண்ணை வெச்சு, யூங்கற புராண காலத்து ராஜா வெள்ளத்தை அடக்கின காட்சி. அரண்மனைல முதல்ல மெழுகுல மாடல் பண்ணாங்க. கல்லு 1781ல பெரிய கால்வாய் வழியா யாங்சோங்கற ஊர்ப் பட்டறைக்குப் போச்சு, அப்பதான் ஒருத்தருக்கு மண்டைல பல்பு எரிஞ்சிருக்கு, யாங்சோ வெயிலுக்கு மெழுகு உருகிடுமேன்னு. உடனே மரத்துல இன்னொரு மாடல் செஞ்சு அனுப்பினாங்க. 1787ல வேலை முடிஞ்சு திரும்பி வந்துச்சு, உயரம் 2.24 மீட்டர், இன்னிக்கும் பெய்ஜிங் அரண்மனை மியூசியத்துல ராஜா வைக்கச் சொன்ன அதே மண்டபத்துலதான் இருக்கு.

அதோட போட்டோவைப் பெருசு பண்ணி ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தேன். மலை, அருவி, பைன் மரம், நடுவுல குட்டி குட்டியா ஆளுங்க பாறையை உடைக்கறாங்க, வெள்ளத்துக்கு வழி விட. சுத்தியலை ஓங்கி, கடப்பாரையைக் குத்தி. அப்பதான் எனக்கு உறைச்சுது, உடைச்சா வேலைக்காகாத கல்லுல, ஆறு வருஷம் உக்காந்து மணலால தேய்ச்சுத் தேய்ச்சு, ஓங்கி உடைக்கற மனுஷனைப் பண்ணியிருக்காங்க. யாங்சோ வேலைக்காரங்க அதைப் பாத்து ஒரு தடவையாவது சிரிச்சிருக்க மாட்டாங்களா?

பிரம்மாண்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஜேட்டுல எனக்குப் பிடிச்சதைச் சொல்லச் சொன்னா அதைச் சொல்ல மாட்டேன். இன்னொண்ணு இருக்கு, அதே மியூசியத்துல, நீளம் 25 சென்டிமீட்டர், உயரம் பதினஞ்சரை. குப்பைல போட்ட கல்லு அது. ஒரு பெரிய வெள்ளைக் கல்லுலேர்ந்து கிண்ணம் பண்றதுக்காக நடுவுல வட்டமா எடுத்துட்டாங்க, மிச்சம் ஓட்டை விழுந்த துண்டு, ஓரத்துல பழுப்புத் தோல் வேற. யாரும் தூக்கிப் போட்டுருப்பாங்க. சூச்சோக்காரர் ஒருத்தர், பேர் தெரியாது, 1773ல அதை எடுத்துப் பாத்திருக்கார். சீனத் தோட்டத்துல வட்டமா ஒரு வாசல் வைப்பாங்க இல்ல, நிலா வாசல்னு, அவர் கண்ணுக்கு அந்த ஓட்டை நிலா வாசலாத் தெரிஞ்சிருக்கு. வாசல்ல ரெண்டு கதவு, முழுசா மூடல, நடுவுல ஒரு இடுக்கு. வெளியில ஒரு பொண்ணு கையில லிங்ஷி காளானோட கதவைப் பாத்து வர்றா, உள்ளேர்ந்து ஒருத்தி கையில பெட்டியோட வர்றா, இடுக்கு வழியா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறாங்க. பழுப்புத் தோல் எங்க இருந்துச்சோ அங்க மரம், வாழை, பாறை. ஒரு பக்கமா வெளிச்சம் விழுந்தா அந்தக் கதவு இடுக்குல மெல்லிசா ஒரு கோடு வெளிச்சம் வரும். அவ்ளோதான் விஷயம். கிண்ணம் எங்க போச்சோ, மிச்சம் இங்க நிக்குது.

சியான்லாங்குக்கும் தலைகால் புரியல, கல்லு வீணாகாம இப்படி ஆயிடுச்சேன்னு கவிதை எழுதி அதோட அடியிலயே பொறிக்கச் சொல்லிட்டார். வேலை செஞ்சவன் பேரைத்தான் போட விடல, ராஜா பேரைத் தாராளமா போட்டுக்கலாம்.

இதே ராஜாதான் சூச்சோ பட்டறைங்களைத் திட்டவும் செஞ்சார். அங்க ஜுவான்சூ சந்துல புது ஃபேஷன்னு சொல்லி கண்ட இடத்துல ஓட்டை போட்டு, இலை மேல இலை, பூ மேல பூன்னு சல்லடை மாதிரி பண்ணி வித்தாங்க, அதைப் பாத்துட்டு இது ஜேட்டுக்குப் பிடிச்ச கேடுன்னு கவிதையிலயே எழுதினார். அவருக்கு வேண்டியது பழைய வெண்கலப் பாத்திரத்தோட கம்பீரம். ராஜா சொன்னதுல பாதி சரின்னுதான் நினைக்கறேன், அந்த மாதிரி சிலதை ஏல கேட்டலாக்ல பாத்திருக்கேன், கல்யாண மண்டப டெக்கரேஷன் மாதிரி இருக்கும். ஆனா நல்ல கல்லுல வெடிப்பு இருந்தா அந்த இடத்தை ஓட்டையாக்கறதைத் தவிர வேலைக்காரனுக்கு வேற என்ன வழி? வெடிப்போட கவலை ராஜாவுக்கு இல்ல.

நம்ம பக்கத்துச் சம்பந்தம் ஒண்ணு இருக்கு. முகலாயர் பட்டறையிலயும் ஜேட் வேலை நடந்துச்சு, கல்லு அதே கோட்டான் பக்கத்துக் கல்லு. ஷாஜஹானோட மதுக் கிண்ணம் லண்டன்ல இருக்கு, 1657, வெள்ளை ஜேட்டு, பாதி சுரைக்காய் மாதிரி ஆரம்பிச்சு கைப்பிடி வர்ற இடத்துல ஆட்டுத் தலையா முடியும், பாத்தா கல்லுன்னு சொல்ல மாட்டீங்க. இந்த மாதிரி கிண்ணம் தட்டெல்லாம் சின்ஜியாங் வழியா சியான்லாங் கைக்குப் போச்சு. ஓரம் பேப்பர் மாதிரி மெல்லிசு, கைப்பிடி பூ மொட்டு, சொக்கிப் போயிட்டார். 1768ல ஹிந்துஸ்தான்னா எங்க இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணி ஒரு கட்டுரையே எழுதினார். அங்கல்லாம் தண்ணி மட்டும் வெச்சே தேய்ச்சுடறாங்கன்னு நம்பினார், அது தப்பு, அங்கயும் மணல்தான், எந்த நாட்டு ஜேட்டும் மணலுக்குத்தான் வழி விடும். அப்புறம் அரண்மனைப் பட்டறையிலயே ஹிந்துஸ்தான் ஸ்டைல்ல செய்ய ஆள் போட்டார். ஆக்ராவுல செஞ்சதைப் பெய்ஜிங்ல காப்பி அடிச்சாங்க, இதைக் கேக்கும்போது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஜேடைட் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு முடிக்கறேன். தைபே தேசிய அரண்மனை மியூசியத்துல ஜனங்க க்யூல நின்னு பாக்கற முட்டைக்கோஸ், நம்ம உருண்டைக் கோஸ் இல்ல, நீளமான சீனக் கோஸ், 18.7 சென்டிமீட்டர், ஒரு சாண் கூட வராது. நான் நின்ன அன்னிக்கு முன்னாடி இருந்த அம்மா இவ்ளோதானான்னு சத்தமாவே கேட்டுட்டாங்க. ஆனா கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. அந்தக் கல்லு பாதி வெள்ளை பாதி பச்சை, உள்ள வெடிப்பு, கறை. வளையலுக்கு ஆகாது, குவளைக்கும் ஆகாது. வெள்ளையைத் தண்டாக்கி, பச்சையை இலையாக்கி, வெடிப்பை இலை நரம்புல ஒளிச்சு, மேல ஒரு வெட்டுக்கிளி, ஒரு தத்துப்பூச்சி. பூச்சி நிறைய முட்டை போடும், அதனால பிள்ளைச் செல்வத்துக்கு அடையாளம். சிங் வம்சத்துல கடைசிக்கு முந்தின ராஜா குவாங்சு சக்கரவர்த்தியோட மனைவி ஜின் இருந்த மாளிகைல இருந்துச்சு, அவங்க சீதனமா வந்ததா இருக்கும்னு சொல்றாங்க. நிலா வாசல் பண்ணினவரும் கோஸ் பண்ணினவரும் சுமார் நூறு வருஷ வித்தியாசம், ஆனா ஒரே குருகிட்ட படிச்ச மாதிரி இருக்கு. நான் நினைச்சதை இந்தக் கல்லுல கொண்டு வரணும்னு ரெண்டு பேருமே உக்காரல, இந்தக் கல்லு என்னவா இருக்க ஒத்துக்கும்னுதான் பாத்திருக்காங்க.

பெரிய கல்லு ஆசை எப்ப நின்னுச்சுன்னு கேப்பீங்க. 1799 ஆரம்பத்துல சியான்லாங் போய்ச் சேர்ந்தார். மகன் ஜியாசிங் ஏற்கனவே பேருக்கு ராஜா, இப்பதான் நிஜ ராஜா, கஜானா காலி. அதே வருஷம் ஜேட் வியாபாரத் தடையை எடுத்துட்டார். அப்போ சின்ஜியாங்லேர்ந்து பெரிய பெரிய கல்லுங்க வழியில வந்துட்டிருந்துச்சு, குதிரை, ஆளு, கயிறு எல்லாத்தோடயும். உத்தரவு என்னன்னா, கல்லு எந்த இடத்துக்கு வந்திருக்கோ அங்கயே போட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போங்க. பாலைவனத்து ரோட்டுல, ஒரு நாள் காலைல, கயித்தை அவுத்துட்டு குதிரையை ஓட்டிக்கிட்டு அவங்க திரும்பிப் போயிருப்பாங்க.

அவ்ளோதான். கேள்வி இருந்தா கேளுங்க, வளையல் எங்க வாங்கினீங்கன்னு மட்டும் கேக்காதீங்க.